"அண்ணா, ஃப்ரீயா?": சின்னவங்க பேச வரும்போது நம்ம பலமும் எல்லையும்

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.



தமிழ்நாட்டுல எந்த வீட்லயாவது போய் "கவுன்சிலிங்"னு சொல்லிப் பாருங்க. "கட் ஆஃப் எவ்வளவு?"ன்னுதான் அடுத்த கேள்வி வரும். நமக்கு அந்த வார்த்தைன்னா ரேங்க், சாய்ஸ், சீட். அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. "உங்க பையனுக்கு கவுன்சிலிங் தேவைப்படுது"ன்னு ஸ்கூல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா போதும், போலீஸ் வந்துட்டுப் போன வீடு மாதிரி ஆயிடும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு தினமும் நடக்குது. அதுக்குப் பேரே கிடையாது. பிளஸ் ஒன் படிக்கற சித்தி பொண்ணு ராத்திரி "அண்ணா, ஃப்ரீயா?"ன்னு மெசேஜ் போடுறா. அப்பார்ட்மென்ட்ல கீழ் வீட்டுப் பையன் ஷட்டில் விளையாடி முடிச்சு எல்லாரும் போன பிறகும், பேட்டைச் சுழட்டிக்கிட்டே போகாம நிக்கிறான். சனிக்கிழமை பாடம் சொல்லிக் கொடுக்கப் போற இடத்துல ஒரு பொண்ணு, "அக்கா, பாடம் இல்ல, வேற ஒண்ணு கேக்கலாமா?"ன்னு ஆரம்பிக்கிறா. அந்த நிமிஷத்துல நீங்க விரும்பினாலும் விரும்பாட்டாலும் ஒரு கவுன்சிலர் நாற்காலியில உக்காந்துட்டீங்க. யாரும் உங்களுக்கு டிரெய்னிங் தரல, யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்கல, அந்தப் பிள்ளையைத் தவிர.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் மனநல நிபுணர் இல்ல. பகல்ல கோட் எழுதுறவன், ராத்திரி மைக் முன்னாடி பேசுறவன். அதனால "குழந்தைகளுக்கு கவுன்சிலிங் செய்வது எப்படி"ன்னு வகுப்பு எடுக்கப் போறதில்ல. அதுக்கு முந்தின ஒரு கேள்வியைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். ஒரு பிள்ளை நம்மகிட்ட மனசைத் திறக்கும்போது, நாம எதுக்கு லாயக்கு, எதுக்கு லாயக்கில்ல? இது நமக்குத் தெரியுமா?

இது சும்மா பேசிட்டுப் போற விஷயம் இல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல மட்டும் இந்தியாவுல 13,044 மாணவர்கள் தற்கொலை செஞ்சுக்கிட்டாங்க. கஷ்டத்துல இருக்கற பிள்ளை எடுத்த எடுப்புல டாக்டரைத் தேடிப் போறது அபூர்வம். தெரிஞ்ச முகம் ஒண்ணைத்தான் தேடும். அந்த முகம் சில நேரம் நம்ம முகமா இருக்கும்.

நம்மகிட்ட ஏன் வர்றாங்க?

பலத்துல இருந்து ஆரம்பிப்போம். நம்ம ஊர்ல "உன் பலம் என்ன?"ன்னு கேட்டா, இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணின பதிலைத்தான் சொல்லுவோம். இல்லேன்னா தன்னடக்கத்துல ஒண்ணுமே இல்லேன்னுடுவோம். ரெண்டுமே இங்க உதவாது.

இருபதுகள்ல இருக்கற ஒருத்தருக்கு ஒரு பதின்பருவப் பிள்ளைகிட்ட இயல்பாவே சில பலங்கள் இருக்கு. ஒண்ணு, வயசு. பெரியவங்க வரிசையிலயும் சேராம, அவங்க வரிசையிலயும் சேராம நடுவுல நிக்கிறோம். ரெண்டாவது, நமக்கு அவங்க மேல அதிகாரம் இல்ல. மார்க் ஷீட்ல கையெழுத்துப் போடப் போறதில்ல, போனைப் பிடுங்கி வைக்கப் போறதில்ல. மூணாவது, அவங்க உலகத்தோட மொழி ஓரளவுக்குப் புரியும். "அவன் என்னை இன்ஸ்டாவுல பிளாக் பண்ணிட்டான்"னு ஒரு பொண்ணு அழுதா, "இதுக்கெல்லாமா அழுவாங்க?"ன்னு நாம கேக்க மாட்டோம். அது எவ்வளவு பெரிய அவமானம்னு நமக்குத் தெரியும்.

இது எல்லாருக்கும் பொதுவான பலம். இதுக்கு மேல ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கு. சிலர் நல்லா கேப்பாங்க. எதிர்ல இருக்கறவங்க ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தாலும் அந்த அமைதியைத் தாங்குவாங்க. சிலரால அது முடியாது, ஆனா இறுகிப் போன பிள்ளையை ஒரு ஜோக்ல இளக வச்சுடுவாங்க. சிலருக்கு ரெண்டுமே வராது, ஆனா எந்த ஆபீஸ்ல எந்த ஃபார்ம் குடுக்கணும்னு தெரியும், கூடவே போய் வரிசையில நிப்பாங்க. பத்தாவதுல ஃபெயிலான பையனுக்கு உடனடித் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க உதவி பண்ற அண்ணன், அவனுக்கு ஒரு மணி நேரம் வாழ்க்கைத் தத்துவம் சொல்ற அண்ணனை விட உபயோகமானவர்.

அதனால முதல் வேலை, இதுல உங்க வகை எதுன்னு பாருங்க. போன தடவை ஒரு சின்னவங்க உங்ககிட்ட பேசிட்டுப் போனப்போ, அவங்க முகம் எந்த இடத்துல தெளிஞ்சது? நீங்க பேசினப்பவா, அவங்க பேசினப்பவா, ரெண்டு பேரும் எழுந்து டீ குடிக்கப் போனப்பவா? உங்க பலம் அங்கதான் இருக்கு.

வயசு விஷயத்தையும் கவனிங்க. எட்டு வயசுக் குழந்தையும் பதினஞ்சு வயசுப் பிள்ளையும் ஒரே மாதிரி பேச மாட்டாங்க. சின்னக் குழந்தைகிட்ட "உனக்கு என்ன கவலை?"ன்னு கேட்டா தோளைக் குலுக்கிட்டு ஓடிடும். அந்தக் கவலை பொம்மை விளையாட்டுல வரும், படத்துல வரும், காலையில வர்ற வயித்து வலியில வரும். அமெரிக்காவுல விர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-லயே விளையாட்டு வழி சிகிச்சை பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்காங்க. குழந்தைக்கு விளையாட்டுதான் மொழிங்கறதுதான் அதோட அடிப்படை. பதினஞ்சு வயசுக்காரங்ககிட்ட பொம்மையைக் காட்டினா அடுத்த தடவை வர மாட்டாங்க. அவங்களுக்குப் பக்கத்துல நடந்துக்கிட்டே, கண்ணுக்குக் கண் பார்க்காம பேசுறது சுலபம். தரையில உக்காந்து அரை மணி நேரம் விளையாட உங்களுக்குப் பொறுமை இல்லேன்னா, சின்னக் குழந்தைங்க உங்க ஏரியா இல்ல. அதுல ஒரு தப்பும் இல்ல, தெரிஞ்சு வச்சுக்கணும், அவ்வளவுதான்.

நிபுணருக்கும் எல்லை இருக்கு

"எல்லை"ன்னு சொன்னதும் அது நம்மள மாதிரி படிக்காதவங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்கக் கூடாது. கார்ல் ரோஜர்ஸ்னு ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். இன்னைக்கு கவுன்சிலிங் படிக்கற யாரும் இவர் பேரைத் தாண்டிப் போக முடியாது. பேராசிரியர் ஆகறதுக்கு முன்னாடி, 1928-ல இருந்து 12 வருஷம், நியூயார்க் மாகாணத்துல ராச்செஸ்டர்ங்கற ஊர்ல குழந்தைகளோட வேலை பார்த்தவர்.

அங்க நடந்த ஒரு சம்பவத்தை 1961-ல வந்த தன் புத்தகத்துல அவரே எழுதியிருக்கார். ஒரு அம்மா. அவங்க பையன் பெரிய அட்டகாசம். ரோஜர்ஸுக்கு விஷயம் என்னன்னு தெளிவாத் தெரிஞ்சு போச்சு: சின்ன வயசுல அந்த அம்மா பையனை ஒதுக்கினதுதான் காரணம். அதை அவங்களுக்குப் புரிய வைக்கப் பல தடவை உக்காந்து பேசறார். பக்குவமா, பொறுமையா. ஒண்ணும் நடக்கல. கடைசியில, நாம ரெண்டு பேரும் முயற்சி பண்ணினோம், முடியல, நிறுத்திக்கலாம்னு சொல்றார். அவங்களும் சரின்னு கை குலுக்கிட்டுக் கதவு வரைக்கும் போறாங்க. அங்க நின்னு திரும்பி, இங்க பெரியவங்களுக்கும் கவுன்சிலிங் பண்ணுவீங்களான்னு கேக்கறாங்க. பண்ணுவோம்னு சொன்னதும், திரும்பி வந்து அதே நாற்காலியில உக்காந்து, தன் கல்யாண வாழ்க்கை எப்படி உடைஞ்சு கிடக்குதுன்னு கொட்டித் தீர்க்கறாங்க. அதுவரைக்கும் அவர் எழுதி வச்சிருந்த கேஸ் ஹிஸ்டரியில இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உண்மையான வேலை அங்கதான் ஆரம்பிச்சது. அம்மாவுக்கும் சரியாச்சு, பையனுக்கும் சரியாச்சு.

எங்க வலிக்குதுன்னு வலிக்கறவங்களுக்குத்தான் தெரியும்ங்கறதை ரோஜர்ஸ் இதுல இருந்து எடுத்துக்கிட்டார். எனக்கு இதுல இன்னொண்ணு பிடிச்சிருக்கு. அந்தக் கதவு எப்போ திறந்தது? "என்னால முடியல"ன்னு அவர் சொன்ன பிறகு. அவரோட புத்திசாலித்தனம் வழியை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. எல்லையை ஒத்துக்கிட்டதும் வழி விட்டுச்சு.

நம்ம எல்லைகள் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கு?

இப்போ நம்ம பக்கம் வருவோம். சில இடங்களைச் சொல்றேன், உங்களுக்கு எது பொருந்துதுன்னு பாருங்க.

முதல்ல, பழைய அனுபவம். நான் பிளஸ் டூ எழுதினப்போ 1200-க்கு மார்க். 2019-ல இருந்து அது 600. 2016 வரைக்கும் தமிழ்நாட்டுல பிளஸ் டூ மார்க்கை வச்சு மெடிக்கல் சீட் வாங்கினாங்க, 2017-ல இருந்து நீட். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு கிண்டிக்கு நேர்ல போய் ஸ்கிரீனைப் பார்த்து சீட் எடுத்த கடைசி வருஷம் 2017. 2018-ல அது ஆன்லைனுக்கு மாறிடுச்சு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022-ல இருந்து கியூட் தேர்வு. அதாவது, "நானும் இதைத் தாண்டித்தான் வந்தேன்"னு நாம சொல்ற வாக்கியம் பாதிதான் உண்மை. நாம தாண்டி வந்த பாலத்தை இடிச்சு வேற கட்டியாச்சு. பயம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும், அது பலம். இன்னைக்கு வழி எதுன்னு தெரியாது, அது எல்லை. வழியைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி இந்த வருஷத்து விவரத்தைச் சேர்ந்து உக்காந்து பாருங்க. அப்படிச் சேர்ந்து தேடறதே அந்தப் பிள்ளைக்குப் பாதி தைரியம்.

ரெண்டாவது, நம்ம காயம். பிடிக்காம இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தர்கிட்ட ஒரு பையன் "பயோ குரூப்பா, கம்ப்யூட்டர் குரூப்பா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்? "உனக்குப் பிடிச்சதைப் படிடா, யாரு சொன்னாலும் கேக்காத!" கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வார்த்தையை அவர் அந்தப் பையனுக்குச் சொல்லல, பதினேழு வயசுல இருந்த தனக்கே சொல்லிக்கிறார். அந்தப் பையன் வீட்ல கடன் இருக்கலாம். அவனுக்குக் குரூப் பிரச்சினையே இல்லாம, அந்த ஸ்கூல்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணுமேங்கற பயம் இருக்கலாம். அதை யாரும் கேக்கல. சிகிச்சை கொடுக்கறவரோட சொந்த உணர்ச்சி வந்து கலந்துடறதைப் பத்தி ஃப்ராய்ட் 1910-லயே எழுதியிருக்கார். கவுன்டர்டிரான்ஸ்ஃபரன்ஸ்னு பேர். அதுக்காகத்தான் தொழில்முறை கவுன்சிலர்கள் தங்களுக்குன்னு ஒரு மூத்தவரை வச்சுக்கிட்டு அவர்கிட்ட தங்களைப் பத்திப் பேசறாங்க. நமக்கு அந்த வசதி இல்ல. அதனால ஒரு அடையாளம் சொல்றேன். ஒரு பிள்ளை பேசும்போது உங்களுக்குத் திடீர்னு அளவுக்கு மீறிக் கோபமோ அழுகையோ அவசரமோ வந்தா, அந்த உணர்ச்சியில ஒரு பங்கு உங்களோடது. அந்த இடத்துல பேச்சைக் குறைங்க.

மூணாவது, தீர்வு அரிப்பு. இது நம்ம ஐடி மக்களுக்கு ரொம்ப இருக்கு. பிரச்சினையைச் சொன்னா போதும், கை பரபரன்னு வரும். "டைம் டேபிள் போடு, போனை அடுத்த ரூம்ல வை, ஆறு மணிக்கு எந்திரி." அந்தப் பொண்ணு சொல்ல வந்தது "அப்பா என்கிட்ட பேசி ஒரு மாசமாச்சு"ங்கறது. படிப்புல கவனம் இல்லேன்னு அவ ஆரம்பிச்சது வெறும் முகவுரை. நாம முகவுரைக்கே மருந்து எழுதிக் குடுத்து அனுப்பிடறோம். அவளும் "சரி அண்ணா, தேங்க்ஸ்"னு சொல்லிட்டுப் போயிடுவா. நமக்கும் நல்லது பண்ணின திருப்தி. பெரியவங்க செய்ற அறிவுரைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல, நம்ம டி-ஷர்ட்டைத் தவிர.

நாலாவது, நம்மால கேக்க முடியாத விஷயங்கள். எல்லாருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். சிலருக்குக் காதல், சிலருக்கு சாமி, சாதி, சிலருக்கு ஒரு பையன் தனக்குப் பையன்களைத்தான் பிடிக்குதுன்னு சொல்றது. நீங்க ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், முகம் மாறினாலே போதும். பதின்பருவப் பிள்ளைங்க முகத்தைப் படிக்கறதுல கில்லாடிங்க. உங்க பட்டியல் உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா, "இதைப் பத்தி என்னை விட நல்லா பேசக்கூடிய ஒருத்தர் இருக்காங்க"ன்னு நிதானமாச் சொல்ல முடியும்.

அஞ்சாவது, தாங்கும் சக்தி. ரிலீஸ் வாரம், ஆன்-கால் வாரம், நாமளே தூங்கி மூணு நாளாச்சு. அந்த நேரத்துல அரைக் காதோட கேக்கறதை விட, "இன்னைக்கு என்னால முழுசா கேக்க முடியாது, நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசலாமா?"ன்னு சொல்லி, ஆறு மணிக்குக் கரெக்டா இருக்கறது நல்லது. ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தோணினா இந்த ரூல் செல்லாது. அதுக்கு வர்றேன்.

கடைசியா, ஒரு இனிப்பான எல்லை. "உன்கிட்ட மட்டும்தான் அண்ணா சொல்ல முடியுது." இந்த வாக்கியத்தைக் கேக்கறதுல ஒரு போதை இருக்கு. அந்தப் போதையில, அந்தப் பிள்ளைக்கு நாம ஒருத்தர் மட்டுமே இருக்கணும்னு நமக்குத் தெரியாமலே ஆசைப்பட ஆரம்பிச்சுடுவோம். ஒரு பிள்ளைக்குப் பேச ஒரே ஒரு ஆள்தான்னா அது ஆபத்தான நிலைமை. நாம ஊருக்குப் போயிட்டா? நமக்கு உடம்பு சரியில்லேன்னா? ரெண்டாவது ஆள் ஒருத்தரை அமைச்சுக் குடுக்கறது நம்ம வேலையோட பாதி. கூடவே ஒரு சின்ன ஒழுங்கு: பேசறது நாலு பேர் பார்க்கற இடத்துல இருக்கட்டும், நீங்க பேசறீங்கன்னு அவங்க வீட்லயோ அமைப்புலயோ ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கட்டும். அது அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணு"

இது தனியாப் பேச வேண்டிய விஷயம். ஒரு பிள்ளை பெருசா எதையோ சொல்றதுக்கு முன்னாடி இந்தச் சத்தியத்தைக் கேக்கும். நமக்கும் வாயில டக்குனு வந்துடும்: "சத்தியமா சொல்ல மாட்டேன்." இதைச் சொல்ற உரிமை நமக்குக் கிடையாது.

போக்சோ சட்டம், 2012. அதுல பிரிவு 19, 18 வயசுக்குக் கீழ இருக்கற ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததுன்னு தெரிஞ்சாலோ, நடக்கலாம்னு அச்சம் இருந்தாலோ, அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கணும்னு சொல்லுது. டாக்டர், டீச்சர் மட்டும் இல்ல, எந்த நபரா இருந்தாலும். தெரிவிக்காம மறைச்சா பிரிவு 21-ன்படி ஆறு மாசம் வரைக்கும் சிறையோ அபராதமோ ரெண்டுமோ விதிக்கலாம். நல்லெண்ணத்தோட தகவல் குடுத்தவர் மேல வழக்குப் போட முடியாதுன்னும் அதே பிரிவு 19 சொல்லுது. அப்படி ஒரு விஷயம் காதுக்கு வந்தா, நாமளே துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. பிள்ளை சொன்ன வரைக்கும் நம்பிக் கேட்டுக்கிட்டு, "சொன்னது நல்லது, இதுல உன் தப்பு எதுவும் இல்ல"ன்னு சொல்லிட்டு, விசாரணையை அதுக்குன்னு இருக்கறவங்ககிட்ட விடணும். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கறது அந்தக் காயத்தையே திரும்பக் கீறி விடற மாதிரி.

அப்போ அந்தச் சத்தியத்துக்கு என்ன பதில்? இப்படிச் சொல்லலாம்: "நீ சொல்றதை ஊரெல்லாம் பேச மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ணக் கூடியவங்ககிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதைக் கேட்டுட்டு அந்தப் பிள்ளை பேசாம போயிடுமோன்னு பயமா இருக்கும். சில பேர் அன்னைக்குப் போயிடலாம். ஆனா பொய்ச் சத்தியம் பண்ணி, அதை மீறி, இனிமே பெரியவங்க யாரையுமே நம்பக் கூடாதுன்னு அந்தப் பிள்ளையை நினைக்க வைக்கறதை விட அது எவ்வளவோ மேல்.

கண்ணாடி யார் காட்டுவாங்க?

இதெல்லாம் தனியா உக்காந்து யோசிச்சாத் தெரிஞ்சுடுமா? தெரியாது. ஜோஹரி விண்டோன்னு ஒண்ணு இருக்கு. பேரைக் கேட்டா வடநாட்டு நகைக்கடை மாதிரி இருக்கும். ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-ல வரைஞ்ச கட்டம் அது. ஜோவும் ஹாரியும் சேர்ந்து ஜோஹரி. நாலு கட்டம்: எனக்கும் தெரியும் மத்தவங்களுக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியும் எனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. நமக்கு முக்கியம் அந்த மூணாவது கட்டம். நாம குறுக்க பேசறோம்னு நமக்குத் தெரியாது, நம்ம நண்பர்களுக்கு நல்லாவே தெரியும்.

அதனால உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. "நான் நல்லா கேக்கறேனா, இல்ல பதில் சொல்லத் தயாராயிட்டே இருக்கேனா? எந்த விஷயம் வந்தா நான் சூடாயிடறேன்? உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, எதுக்கு என்கிட்ட அனுப்புவே, எதுக்கு அனுப்ப மாட்டே?" மூணாவது கேள்விக்கு வர்ற பதில் கொஞ்சம் கடிக்கும், ஆனா அதுதான் ரொம்ப உபயோகம். பதில் சொல்லும்போது விளக்கம் குடுக்காம கேட்டுக்கங்க. அதுவே ஒரு பயிற்சி.

கை மாத்தறது எப்படி?

ஐடி சப்போர்ட்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும். லெவல் ஒன் சப்போர்ட்ல இருக்கறவர், தன்னால முடியாத டிக்கெட்டை லெவல் டூவுக்கு அனுப்புவார். அதுல அவருக்கு ஒரு அவமானமும் இல்ல. அனுப்பாம ரெண்டு நாள் தானே நோண்டிட்டு இருந்தாத்தான் பிரச்சினை. ஆனா நம்ம விஷயத்துல ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. டிக்கெட்டை அனுப்பிட்டா லெவல் ஒன் மறந்துடலாம். நாம மறக்க முடியாது. அந்தப் பிள்ளை நம்பினது நம்மள. கை மாத்தறது வேற, கை விடறது வேற.

எப்போ கை மாத்தணும்? தூக்கம், சாப்பாடு வாரக்கணக்கா கெட்டுப் போயிருந்தா. உயிரா இருந்த ஃப்ரெண்ட்ஸ், விளையாட்டு எல்லாத்தையும் விட்டுட்டா. கையில கீறல், சூடு வச்ச தழும்பு தெரிஞ்சா. ஆசையா வச்சிருந்த பொருளை எல்லாம் மத்தவங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சா. "நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி"ங்கற மாதிரி வார்த்தை வந்தா. வீட்லயோ வெளியிலயோ அடி, துன்புறுத்தல் இருக்குன்னு தெரிஞ்சா. போதைப் பழக்கம் இருந்தா.

அந்தச் சாவு பேச்சு வந்தா என்ன பண்றது? நேரடியாக் கேளுங்க: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டா எண்ணம் வந்துடுமோன்னு நிறைய பேர் பயப்படறாங்க. அது தவறான நம்பிக்கைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கேக்கறது பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம் குடுக்குது. "ஆமா"ன்னு பதில் வந்தா, அந்தப் பிள்ளையைத் தனியா விடாதீங்க. வீட்ல பொறுப்பான பெரியவர் ஒருத்தருக்கு உடனே தெரியணும். உடனடி ஆபத்துன்னா 112, இல்லேன்னா நேரா பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரி. இந்த நேரத்துல "நான் ஹேண்டில் பண்ணிக்கறேன்"ங்கற எண்ணம் வரவே கூடாது.

போன்ல எழுதி வச்சுக்க வேண்டிய நம்பர்கள் சொல்றேன். 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-ல மத்திய அரசு ஆரம்பிச்ச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். 104, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். தேர்வு முடிவு வர்ற நேரத்துல மாணவர்களுக்கு மனநல ஆலோசனையும் இதுல தர்றாங்க. 1098, குழந்தைகளுக்கான உதவி எண். பிள்ளை பயப்படற ஆளே வீட்டுக்குள்ள இருந்தா இங்கதான் முதல்ல போகணும். சென்னையில 1986-ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்ச ஸ்நேகா அமைப்பும் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு, செலவு ஒரு தடையா இருக்க வேண்டியதில்ல. இந்த நம்பர்கள்ல ஒண்ணுக்கு, ஆபத்து எதுவும் இல்லாத ஒரு நாள்ல, ஒரு சின்னவங்களுக்கு எப்படி உதவறதுன்னு கேட்டு நீங்களே பேசிப் பார்க்கலாம். அதுக்குப் பிறகு "இங்க பேசு"ன்னு சொல்லும்போது, உங்க குரல்லயே ஒரு நம்பிக்கை இருக்கும்.

சொல்ற விதம்தான் எல்லாம். "நீ ஒரு சைக்கியாட்ரிஸ்டைப் பாரு"ன்னு சொன்னா, "உனக்குப் பைத்தியம்"னுதான் அந்தப் பிள்ளை காதுல விழும். இப்படிச் சொல்லிப் பாருங்க: "நீ சொன்னது எனக்குப் புரியுது. உனக்கு உதவறதுக்கு நான் மட்டும் போதாது. இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. முதல் தடவை நானும் கூட வர்றேன். வெளியில உக்காந்திருப்பேன்." அதுக்கப்புறம் ஒரு வாரம் கழிச்சு, "எப்படிப் போச்சு?"ன்னு நீங்களே கேளுங்க. அங்க என்ன பேசினாங்கன்னு விவரம் கேக்க வேண்டாம். நீங்க இன்னும் இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்.

நாலு எடை

திருக்குறள்ல 48-வது அதிகாரம் வலியறிதல். அரசியல் பகுதியில வர்றது, ராஜாவுக்குச் சொன்னது. ஒரு காரியத்துல இறங்கறதுக்கு முன்னாடி நாலு வலிமையை எடை போடச் சொல்றார் வள்ளுவர்: செய்யப் போற காரியத்தோடது, தன்னோடது, எதிர்ல நிக்கறவங்களோடது, துணைக்கு இருக்கறவங்களோடது. நம்ம விஷயத்துக்கு இது அப்படியே பொருந்துது.

ஒரு பிள்ளை பேசிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி, இந்த நாலையும் கேட்டுப் பாருங்க. இந்தப் பிரச்சினையோட எடை என்ன, ஒரு வாரத்துல ஆறிடற விஷயமா, உயிரைத் தொடற விஷயமா? என்கிட்ட இதுக்கு என்ன இருக்கு, நேரமா, பொறுமையா, விவரமா? எதிர்ல என்ன நிக்குது, வீட்டு நிலைமையா, பள்ளிக்கூடமா, என் சொந்தக் காயமா? துணைக்கு யார் இருக்காங்க, ஒரு டீச்சர், ஒரு பாட்டி, ஒரு டாக்டர், ஒரு நம்பர்?

நாலாவதைத்தான் நாம அடிக்கடி மறந்துடறோம். முதல் மூணையும் போட்டுப் பார்த்துட்டு, என்னால முடியாதுன்னு ஒதுங்கிடறோம், இல்லேன்னா என்னால மட்டும்தான் முடியும்னு குதிச்சுடறோம். துணையையும் சேர்த்து எடை போட்டா, ஒதுங்கவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். நம்ம பங்கை மட்டும் சரியாச் செஞ்சா போதும்.

சரி மக்களே, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. மேல சொன்ன அந்த மூணு கேள்வியை ஒரு நண்பர்கிட்ட கேட்டுப் பாருங்க. வந்த பதிலை எனக்கு எழுதி அனுப்பணும்னு அவசியம் இல்ல, உங்க மனசுல வச்சுக்கங்க. அடுத்த தடவை "ஃப்ரீயா?"ன்னு ஒரு மெசேஜ் வரும்போது அது உதவும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.